வெருட்சிக்கு ஒரு கொத்து மயிர்

எங்கள் பக்கத்தில் மாடு பயப்படுவதில்லை. மாடு வெருளும். கைக்குழந்தையும் அப்படித்தான். நித்திரையில் திடுக்கிட்டுக் கைகளை விரித்து அழுதால் "பிள்ளை வெருண்டிட்டுது" என்போமே தவிர, பயந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். வளர்ந்தவர்களுக்குப் பயம் வரும், பதட்டம் வரும், கை கால் உதறும். ஆனால் வெருட்சி என்ற சொல்லை நாங்கள் அவர்களுக்கு இலகுவில் கொடுப்பதில்லை. பயந்தவனிடம் கொஞ்சம் புத்தி மிச்சமிருக்கும். எந்தப் பக்கம் ஓடுவது, கையில் இருப்பதை எங்கே போடுவது, சாரத்தை மடித்துக் கட்டுவதா விடுவதா என்று அவனால் யோசிக்க முடியும். வெருண்டவனால் முடியாது. அவனுடைய கால்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வெருண்ட மாடு கட்டையையும் பிடுங்கிக்கொண்டு வேலிக்குள்ளால் பாயும். பக்கத்தில் படலை ஆவென்று திறந்து கிடக்கும்.

இந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு விளக்கமாக எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் என் கணவர்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞர். "கதிரை உடைந்தது" என்று ஒருவர் சொன்னால், கால் உடைந்ததா முதுகு உடைந்ததா என்று போய்ப் பார்க்காமல் எழுத மாட்டேன். வீட்டிலும் அதே பழக்கம். ஒவ்வொரு நாளும் படுக்கப்போக முன்னர் நாட்குறிப்பு எழுதுவேன். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பழைய குறிப்புகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. துணுக்காய்ப் பக்கம் திரும்பி வந்து குடியேறிய பிறகு எழுதியவைதான் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றில் வெயில், மழை, கிணற்றுத் தண்ணீரின் மட்டம், சமைத்த கறி ஆகியவற்றைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.

என் கணவர் வயல் செய்கிறார். அவரைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது வயலைப் பற்றியல்ல, குரலைப் பற்றித்தான். எங்கள் அம்மன் கோயில் பொங்கலுக்கு வருடம்தோறும் ஒரு கூத்துப் போடுவார்கள். அதில் அவருக்கு ராசா வேஷம். மைக் பூட்டாமலே அவர் பாட்டுக் குளக்கட்டுவரை கேட்கும். அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்பது வேறு விடயம். உப்புக் காணாது என்று அவர் குசினியில் சொன்னால் அடுத்த வளவில் உப்பு எடுத்து வைப்பார்கள். இந்த முறை ஒட்டு மீசை வேண்டாம் என்று சொல்லித் தை மாதத்திலிருந்தே சொந்த மீசை வளர்த்து, காலையும் மாலையும் ஆமணக்கெண்ணெய் பூசி, கன்னத்தின் பாதிவரை கொண்டுவந்திருந்தார். தலையில் மயிர் கிடையாது. அதை ராசாவின் கிரீடம் மறைத்துவிடும் என்பதால் கவலைப்படவில்லை.

அதே கூத்தில் மந்திரி வேஷம் கட்டுபவர் என் அண்ணன். ராசா பாடி முடிக்கும்போதெல்லாம் "உத்தரவு மகாராசா" என்று பணிந்து சொல்வதுதான் அவருடைய வேலையின் பெரும் பகுதி. ராசாவின் பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். தனக்கும் ஒரு காலம் வரும் என்று வருடக்கணக்காகக் காத்திருக்கிறார். அண்ணனுடைய குரல் காய்ச்சல் வந்த ஆட்டின் குரல் என்று என் கணவர் சொல்வார். நான் அப்படிச் சொல்வதில்லை, கூடப் பிறந்தவர்.

கோயில் பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை, என் கணவர் குளத்துக்கு அங்கால காட்டுக்குப் பாலைப்பழம் பொறுக்கப் போனார். ஆனி மாதத்தில் எங்கள் ஊர் முழுவதும் பாலைப்பழத்தில்தான் இருக்கும். மஞ்சள் நிறத்தில் சின்னப் பழம், தேன் மாதிரி இனிப்பு, உதட்டில் பால் பிசின் ஒட்டும். கரடிக்கும் அதில்தான் விருப்பம். யானைக்குப் பயப்படாதவர்களும் எங்கள் பக்கத்தில் கரடிக்குப் பயப்படுவார்கள். யானை வந்தால் சத்தம் கேட்கும், மரம் முறியும். கரடி பற்றைக்குள் தன்பாட்டில் இருந்துவிட்டு முகத்துக்கு நேரே எழும்பும். அதனால் கூட்டமாகத்தான் போவார்கள். இவர் தனியே போனார். பாட்டுப் பழகுவதற்கு ஆள் இல்லாத இடம் வேண்டுமாம். அதோடு சத்தம் கேட்டால் கரடி கிட்ட வராதாம். இரண்டும் நியாயமாகத்தான் தெரிந்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னர் நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கிளுவை வேலி சரசரவென்று பிளந்தது. அதற்குள்ளால் என் கணவர் வந்தார். சாரத்தின் ஒரு பக்கம் வேலியிலேயே நின்றுவிட்டது. ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் வாளியின் பிடி மட்டும் இருந்தது, வாளி இல்லை. மிளகாயின் மேலால் நடந்து விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தார்.

"என்னப்பா நடந்தது?"

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். காற்றுத்தான் வந்தது. இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை வளைத்து, பல்லைக் காட்டினார்.

"கரடியோ?"

தலையாட்டினார்.

"கடிச்சதோ? பிறாண்டினதோ?"

இல்லை என்றார். மேலெல்லாம் தடவிப் பார்த்தேன். வேலி கீறிய காயங்களைத் தவிர வேறில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிளேன்ரீ கொடுத்தேன், அதையும் குடித்தார். விழுங்குவதில் ஒரு குறையும் இல்லை, குரல் மட்டும் இல்லை. கலண்டரில் முடிந்த மாதத்துத் தாளைக் கிழித்துப் பேனையோடு கொடுத்தேன். "கரடி" என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, முன்னால் "பெரிய" என்று சேர்த்தார். பிறகு கீழே தனியாக, பெரிய எழுத்தில், "பயம் இல்லை" என்று எழுதி அதன் கீழே கோடும் போட்டார்.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்: வெயில். மிளகாய் பாதி. பாலைப்பழம் இல்லை. இவர் கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் டொக்டர் ஒருவர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "தொண்டையில ஒரு பிரச்சினையும் இல்லை. அதிர்ச்சியில சில பேருக்கு இப்பிடி வாறது. தானா வரும்."

"எப்ப வரும் டொக்டர்?"

"அது சொல்லேலாது அம்மா. நல்லா ஓய்வெடுக்கட்டும். கதைக்கச் சொல்லி நெருக்காதேங்கோ."

நெருக்குவதற்கு நான் தேவையில்லை என்பது வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் போன் எடுத்தார். செய்தி அவருக்குப் போய்விட்டது. "தங்கச்சி, வெள்ளிக்கிழமை கூத்து. செவ்வாய்க்கிழமை கடைசி ஒத்திகை. அதுக்குள்ள அவரின்ர தொண்டை திறக்க வேணும். திறக்காட்டி நான் என்ன செய்யிறது? ராசா இல்லாமல் கூத்துப் போடேலாது. உங்கட அண்ணனுக்குப் பாட்டுத் தெரியும்."

போனைச் சத்தமாகத்தான் போட்டிருந்தேன். என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். வயலை வெள்ளம் கொண்டுபோன வருடத்தில்கூட அந்த முகம் அப்படி வாடியதில்லை. பேனையை எடுத்தார். "ஆடு" என்று எழுதினார்.

செய்தி ஊருக்குள் போன வேகத்தில் சொல்லும் மாறியது. சனி பின்னேரம் "கரடியைக் கண்டு பயந்திட்டாராம்" என்று இருந்தது, ஞாயிறு மதியம் "வெருண்டிட்டாராம்" என்று ஆகிவிட்டது. அவரை வருத்தியது குரல் போனதைவிட இதுதான். கதிரையில் இருந்து வீதியால் போகிறவர்களுக்கு "பயம் இல்லை" என்ற தாளைத் தூக்கிக் காட்டுவார். அவர்கள் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

எனக்கும் அது புதிராகத்தான் இருந்தது. ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களில் இவர் பங்கருக்குள் இருந்துகொண்டு, அரிசியில கல் பொறுக்குங்கோ, நேரம் போகும் என்று பெண்களுக்கு வேலை கொடுத்தவர். அந்தக் காலத்தில் பயத்துக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை. யோசிக்க நேரம் இருந்ததில்லை. குரல் போக விட்டிருந்தால் பிள்ளைகளை யார் கூப்பிடுவது? இப்போது கூப்பிட ஒன்றுமில்லாத காலத்தில் குரலுக்கும் ஓய்வு தேவைப்பட்டதோ என்னவோ. இதை அவரிடம் சொன்னேன். தாளைத் திருப்பி, "கரடி மிகப் பெரிது" என்று எழுதினார்.

அன்று பின்னேரம் அண்ணன் வந்தார். மச்சானைப் பார்க்க வந்தவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும், முகத்தில் அடக்க முடியாத துக்கமும் இருந்தன.

"எப்பிடி மச்சான்? கதைக்கேலாதாம்? கதைக்காதை, கதைக்காதை. தொண்டை பாவம். வெள்ளிக்கிழமையைப் பற்றி யோசியாதை. நான் இருக்கிறன்தானே."

என் கணவர் "ஆடு" எழுதிய தாளைத் தேடினார். நான் அதை முன்னரே எடுத்து ஒளித்துவிட்டேன்.

"உடுப்பு எனக்கு அளவோ எண்டு ஒருக்காப் போட்டுப் பாக்கட்டே? சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

"அண்ணை, வாழைப்பழத்தை வைச்சிட்டு இருங்கோ" என்றேன்.

இதற்குமேல் தாமதிக்க முடியாது என்று தையல்கார அக்காவைக் கூப்பிட்டேன். அவ எங்கள் சந்தியில் தையல் கடை வைத்திருப்பவ. பகலில் சட்டை தைப்பா, பின்னேரத்தில் திருநீறு போட்டுப் பார்வை பார்ப்பா. பிள்ளைகள் வெருண்டால், மாடு பால் மறுத்தால், எல்லாவற்றுக்கும் அவதான். முதலில் போன் எடுத்து நேரம் கேட்க வேண்டும். பள்ளிக்கூட உடுப்புத் தைக்கும் காலத்தில் நேரம் கிடைக்காது. ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போது கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கைப்பைக்குள் திருநீறும் கத்தரிக்கோலும் ஒன்றாக இருந்தன.

அவ என் கணவரை ஒரு சட்டைக்கு அளவெடுப்பதுபோல மேலும் கீழும் பார்த்தா.

"பயமோ வெருட்சியோ?"

என் கணவர் தாளைத் தூக்கினார்.

"உம்மட்டக் கேக்கேல்ல தம்பி. பிள்ளை, நீர் சொல்லும். அவர் படலையாலயோ வந்தவர், வேலிக்குள்ளாலயோ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேலியில் அவருடைய சாரத் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேலிக்குள்ளால."

"படலை பூட்டியோ இருந்தது?"

"இல்லை அக்கா. திறந்துதான் கிடந்தது."

"வெருட்சி" என்றா. அதோடு விசாரணை முடிந்தது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

பயம் என்றால் திருநீறே போதுமாம். வெருட்சிக்குப் போதாதாம். எது வெருட்டியதோ அதன் மயிர் வேண்டும். அதைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வெருண்டவருக்குப் பிடிக்க வேண்டும். நாய் வெருட்டினால் நாய் மயிர், மாடு வெருட்டினால் மாட்டு மயிர். இது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். நாய் மயிர் பிடுங்கிக் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் கரடி மயிருக்கு எங்கே போவது?

"ஆரிட்டயும் கரடி மயிர்த் தாயத்து இருந்தால்..." என்று தொடங்கினேன்.

"எந்தக் கரடியின்ரையோ மயிர் சரிவராது பிள்ளை. இவரை வெருட்டினதின்ர மயிர் வேணும்."

"நான் போறன்" என்றார் அண்ணன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"போய்ப் பாக்கிறன். கரடி நிண்ட இடத்தில மயிர் கியிர் கிடக்கும்தானே. கரடி நிண்டிருந்தால்." கடைசி வசனத்தை அவர் இழுத்துச் சொன்னார். கரடி என்று ஒன்று இருக்கவேயில்லை, மச்சான் மர நிழலைக் கண்டு ஓடிவந்திருக்கிறார் என்பது அவருடைய எண்ணம். அதை ஊருக்கு நிரூபிக்க அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டும். என் கணவர் தாளில் இடத்தைக் கீறிக் கொடுத்தார்: குளம், பெரிய பாலை மரம், சூரைப் பற்றை, கரடி. கரடியைக் குளத்தின் அளவுக்குக் கீறியிருந்தார்.

திங்கட்கிழமை காலை அண்ணன் நாலைந்து பேரோடு போனார். மதியம் திரும்பி வந்தபோது முகத்தில் இருந்த சிரிப்புப் போயிருந்தது. ஒரு கையில் பிடியில்லாத, நசிந்த வாளி. மற்றக் கையில் ஒரு சொப்பிங் பாக். அதற்குள் ஒரு கொத்து மயிர்.

"சூரை முள்ளில கொழுவிக்கிடந்தது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கறுப்பு. நல்ல முரடு. தங்கச்சி, உண்மையாவே நிண்டிருக்கு."

என் கணவர் அந்த மயிரைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் காட்டினார். அவர் ராசா வேஷத்தில் சபைக்கு வரும்போது நடக்கும் நடை அது. குரலில்லாமல் அதை நடந்து காட்டினார்.

அன்று பின்னேரம் முற்றம் நிறைந்துவிட்டது. முன் வளவுத் தங்கச்சியும் வந்திருந்தா. அந்தக் குடும்பத்தின் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். வன்னிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கியவர்கள். அந்தத் தங்கச்சியின் கணவர் வயலும் செய்வார், தேனும் எடுப்பார். பாலைப்பழக் காலத்தில் அவர்களுடைய தேன்தான் எங்கள் வீட்டுக்கும். அன்றைக்கு அவர் வரவில்லை.

தையல்கார அக்கா சட்டியில் தணல் போட்டு, வேப்பிலையும் சாம்பிராணியும் தூவி, என் கணவரைக் கதிரையோடு சட்டிக்குக் கிட்ட இழுத்து வைத்தா. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு மயிர்க் கொத்தைத் தணலில் போட்டா. சுர்ரென்று சுருண்டு, நாறத் தொடங்கியது. எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். என் கணவர் மட்டும் பொத்தாமல் ஆழமாக இழுத்தார். வெள்ளிக்கிழமைக் கூத்து முழுவதும் அந்தப் புகைக்குள் இருப்பதுபோல இழுத்தார்.

"என்னங்கக்கா இது" என்றா முன் வளவுத் தங்கச்சி. "கம்பளி பொசுங்குற வாடை வருது?"

ஒருவரும் கவனிக்கவில்லை. அவ என் பக்கம் திரும்பினா.

"நெசமாத்தாங்கக்கா. மழையில நனைஞ்ச கம்பளிய அடுப்புக்கு மேல காயப்போட்டு, ஓரம் பத்திக்கிட்டா வருமே, அதே வாடை. எங்க மாமியா தோட்டத்துல கொழுந்து பறிக்கையில தலைக்குப் போட்டிருந்த கம்பளி இன்னும் கெடக்குங்க வீட்டுல. இவரு தேனெடுக்கப் போறப்ப அதத்தான் போத்திக்குவாரு, பூச்சி கொட்டாம இருக்க. சனிக்கெழமகூட..."

நிறுத்தினா. அவ நிறுத்திய இடத்தில் முற்றமும் நின்றது.

"சனிக்கிழமை?" என்றார் அண்ணன், மிக மெதுவாக.

"சனிக்கெழம காட்டுல அவர கரடி தொரத்திருச்சுங்க. கம்பளி முள்ளுல மாட்டிக் கிழிஞ்சிருச்சு. ஓடியாந்து படுத்தவருதான், நடுக்கமும் காய்ச்சலுமா கெடக்காரு. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு."

சட்டியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. என் கணவர் அந்தப் புகைக்கு ஊடாக என்னைப் பார்த்தார். நான் தணலைப் பார்த்தேன்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் கோழிகள் கொட்டிலை விட்டு ஓடின. "கம்பளி! ஐயோ மச்சான், கம்பளியடா! கம்பளிக்கு வெருண்ட ராசா! மழை பெய்தால் நீ தோட்டப் பக்கம் போகவே ஏலாது, ஊர் முழுக்கக் கரடிதான்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினார். "அக்கா, அப்ப இந்த வைத்தியம் செல்லாது. இது கரடி மயிர் இல்லை."

"நான் எப்ப தம்பி கரடி எண்டு சொன்னனான்?" என்றா அக்கா. துளிகூட அசையவில்லை. "எது வெருட்டினதோ அதின்ர மயிர் எண்டுதான் சொன்னனான். வெருட்டினது கம்பளி. நீர் கொண்டுவந்தது கம்பளி மயிர். சரியான சாமான்தான்."

"அப்ப குரல் எங்கை?"

எல்லோரும் என் கணவரைப் பார்த்தோம். வாயைத் திறந்தார். காற்று வந்தது, கொஞ்சம் புகையும் வந்தது.

அக்கா தணலை ஒருமுறை கிளறிவிட்டா. பிறகு அளவு நாடாவின் இரண்டு நுனிகளையும் இரண்டு கையில் பிடித்து, "ரெண்டு பக்கமும் வெருண்டிருக்கு" என்றா. "ஒரு பக்கத்தை மட்டும் அவிழ்த்தால் மற்றப் பக்கம் இழுத்துப் பிடிக்கும். அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நடுக்கம் தாங்காமல் அதே கம்பளியைப் போர்த்தியிருந்தார். படலையால் அந்தக் கறுப்பு உருவம் நுழைந்தபோது என் கணவரின் உடம்பு கதிரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, பிறகு கௌரவமாகத் திரும்ப இருந்தது.

"அண்ணே... நீங்களா அது?" என்றார் வந்தவர். "நான் மரப் பொந்துல தேன் இருக்கான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தேங்க. பின்னாடி ஒரு சத்தம். அப்பிடி ஒரு சத்தத்த என் வாழ்க்கையில கேட்டதில்லைங்க. எந்திரிச்சுத் திரும்பினா, பத்தைக்கு மேல ஒரு மூஞ்சி. வாயெல்லாம் மஞ்சளா, நுரையா வழியுது. ஆஆன்னு தொறந்து கெடக்கு."

வாய் நிறையப் பாலைப்பழத்தோடு ராசா சபைக்கு வரும் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர் யார் என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் முற்றத்து மண்ணில் இருந்துவிட்டார். சிரிப்பில் அவரால் நிற்க முடியவில்லை.

"சரி" என்றா அக்கா. "அப்ப இந்தத் தம்பியை வெருட்டினது அந்தத் தம்பி. மயிர் வேணும்." கைப்பைக்குள் கையை விட்டுத் தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என் கணவரின் பின்னால் போனா. தலையைப் பார்த்தா. பின் பக்கம் பார்த்தா, காதோரம் பார்த்தா. அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. முன்னால் வந்தா. கத்தரிக்கோலை விரித்து, இடது பக்க மீசையின் நுனியை இரண்டு விரலால் பிடித்தா.

"மீசையில கை வைக்காதை!"

அது என் கணவரின் குரல். கதிரை ஆடியது. தணல் சட்டிக்குப் பக்கத்தில் நின்ற பூனை மறைந்தது. வீதியில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார். குளக்கட்டில் மாடு மேய்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அக்கா கத்தரிக்கோலை மூடினா. "வந்திட்டுது" என்றா, பொத்தான் தைத்து முடித்ததுபோல.

குரலைக் கொண்டுவந்தது புகையா கத்தரிக்கோலா, அல்லது டொக்டர் சொன்னதுபோல தானாகத்தான் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன்.

என் கணவர் தன் தொண்டையைத் தடவிப் பார்த்தார். "ஆ" என்றார். "ஆஆ" என்றார். திரும்பி, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் செய்யப்படவில்லை.

"எனக்கு வேணாங்கண்ணே" என்றார் அவர். "கூத்துக்கு வளத்த மீசை. காய்ச்சல் ரெண்டு நாள்ல போயிரும்."

"அக்கா, கத்தரிக்கோலைத் தாங்கோ" என்றார் என் கணவர். வாங்கி என்னிடம் நீட்டினார். "நீர் வெட்டும். ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்க வேணும். இந்த ஊரில உம்மைத் தவிர வேற ஒருத்தரையும் நம்பேலாது."

அக்காவின் கழுத்திலிருந்த நாடாவை வாங்கி, இரண்டு பக்கமும் அளந்து, ஒரு விரல் அகலம் வெட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மீசை மயிர் தணலில் விழுந்தபோது கம்பளியைவிட மோசமாக நாறியது, ஆமணக்கெண்ணெய் வேறு. முன் வளவுக்காரர் இருமி, தும்மி, வேர்த்து, கம்பளியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குடிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பிளேன்ரீ வைக்கக் குசினிக்குப் போனேன்.

நான் தட்டோடு திரும்பி வந்தபோது என் கணவர் அண்ணாவியாரோடு போனில் நின்றார். "ஓம் அண்ணாவியார். வந்திட்டுது. இல்லையில்லை, வெருட்சியெல்லாம் இல்லை, சும்மா ஒரு..." என்னைக் கண்டதும், "சரி, வெருட்சிதான், இப்ப இல்லை" என்று திருத்தினார். மறுபக்கத்தில் அண்ணாவியார் நம்பவில்லை போலிருக்கிறது. பாடிக் காட்டச் சொன்னார்.

என் கணவர் போனை விறாந்தை மதிலில் சாய்த்து வைத்தார். சாரத்தைச் சரிசெய்து, கம்பளியை முன் வளவுக்காரரிடம் கேட்டு வாங்கித் தோளில் சால்வையாகப் போட்டுக்கொண்டார். ஒரு காலை முன்னால் வைத்து, ராசா சபைக்கு வருகிற பாட்டைத் தொடங்கினார். முதல் அடியில் குரல் கொஞ்சம் கரகரத்தது. இரண்டாம் அடியில் திறந்தது. எந்த நாட்டிலும் தனக்கு நிகரில்லை, எந்தப் பகைக்கும் தான் அஞ்சியதில்லை என்று போகிற பாட்டு அது. முற்றத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை, நன்றாகத்தான் பாடினார்.

பாட்டு முடிகிற இடத்தில் அவர் வழக்கம்போலக் கையை நீட்டி நிறுத்தினார்.  மண்ணில் இருந்த அண்ணன் தன்னையறியாமலே எழும்பி, பின்பக்கத்துத் தூசியைத் தட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு பணிந்து நின்றார்.

"உத்தரவு மகாராசா" என்றார்.